திரும்பிப் போனவர்களுக்கு ஒரு முட்டை

காஞ்சனா அக்காவுக்கு ரோடு என்றால் பயம். கரப்பான்பூச்சிக்குப் பயப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், இடிக்குப் பயப்படுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ரோட்டோரம் வந்து நின்றதும் உதடு வெளுத்து, உள்ளங்கை வியர்த்து, பக்கத்தில் நிற்பது ஆணா பெண்ணா என்றுகூடப் பார்க்காமல் சட்டைக் கையைப் பிடித்துக்கொள்கிற ஆளை அவரிடம்தான் பார்த்தேன். அந்தச் சட்டை என்னுடையது. ரோடு அகலப்படுத்துகிறவர்களுக்குக் கணக்கெடுத்துக் கொடுக்கிற ஒரு தனியார் கம்பெனியில் நான் இன்ஜினியர். அவர் எங்களிடம் வேலைக்கு வந்தவர். என்ன வேலை என்றால், ரோட்டைக் கடக்கிறவர்களை எண்ணுகிற வேலை.

இது 2006இல். என் பெயர் முகமது யூசுப், சொந்த ஊர் வாணியம்பாடி, ஹைதராபாத் வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. தெலுங்கு அரைகுறை. ரோட்டில் நடந்தால் பின்னாலிருந்து பைக்கில் வருகிறவன் "தப்புக்கோ! தப்புக்கோ!" என்று கத்துவான். நம் காதுக்கு அது 'தப்பு' என்றுதான் விழும். என்ன தப்புப் பண்ணினோம் என்று தெரியாமலே நானும் "சாரி, சாரி" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். காஞ்சனா அக்கா வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் இதைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"கைக்கு சார், எதுக்கு சாரி சொல்றீங்க? ஒதுங்கிப் போன்னு சொல்றான். அவ்ளோதான்."

பிறகு கொஞ்சம் யோசித்தார். "நீங்க புரிஞ்சுகிட்டதும் ஒரு வகையில சரிதான் சார். இந்த ரோட்டுல நடக்கறதே தப்புதான்."

அவருடைய குடும்பம் அந்தக் காலத்திலேயே அரக்கோணத்திலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்த குடும்பம். பிறந்தது, வளர்ந்தது எல்லாம் செகந்திராபாத் பக்கத்து ரயில்வே குவார்ட்டர்ஸில். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, கடையில் ஹிந்தி என்று மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுப் பேசுவார். கணவர் நந்தகுமாரும் அதே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். மல்காஜ்கிரியில் மெயின் ரோட்டிலிருந்து நாலாவது வீடு அவர்களுடையது. தாரிணி என்று ஒரே பெண். அம்மா தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லுகிற பெண்.

தாரிணிக்கு நாலு வயதாக இருக்கும்போதுதான் அது நடந்தது. 1999. அந்த ரோட்டின் நடுவில் முதல் தடவையாக டிவைடர் கட்டியிருந்தார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் காய்கறிப் பையோடு அக்கா பாதி ரோட்டைத் தாண்டி டிவைடர் மேல் ஏறி நின்றிருக்கிறார். ஒரு அடி அகலம். மீதிப் பாதியைத் தாண்ட வண்டி விடவில்லை. திரும்பிப் போகவும் விடவில்லை. முன்னால் தண்ணீர் லாரி, முதுகுக்குப் பின்னால் பஸ். புடவைத் தலைப்பை லாரிக் காற்று இழுக்கிறது. இருபத்தைந்து நிமிடம் அப்படியே நின்றிருக்கிறார். குழந்தையின் காலிலிருந்து ஒரு செருப்பு நழுவிக் கீழே விழுந்தது. ஒரு சக்கரம் அதன்மேல் ஏறிப் போனது.

"அது நசுங்கின சத்தம் இன்னும் கேக்குது சார். செருப்புதான். ஆனா நான் பாத்தது செருப்ப இல்ல."

கடைசியில் யாரோ ஒரு கண்டக்டர் விசில் ஊதி, தன் பஸ்ஸைக் குறுக்கே நிறுத்தி இறக்கிவிட்டிருக்கிறார். அன்றிலிருந்து அக்கா தனியாக அந்த ரோட்டைத் தாண்டியதில்லை. எதிர்ப்பக்கத்துத் தையல் கடையில் பார்த்த வேலையை விட்டார். எதிர்ப்பக்கத்துக் கோயிலை விட்டு இந்தப் பக்கத்துக் கோயிலுக்குப் போக ஆரம்பித்தார். நேர் எதிரே எண்பதடி தூரத்தில் குடியிருந்த சிநேகிதி பாமாவோடு, ஏதோ வெளியூரில் இருப்பவளோடு பேசுகிற மாதிரி, போனில் பேசினார். கடைக்கு, மருந்துக்கு, மாவுக்கு எல்லாம் இந்தக் கரையிலேயே வழி பண்ணிக்கொண்டார். ஒரு ரோடு ஒரு மனுஷியின் ஊரைச் சரிபாதியாக வெட்டி ஒரு பாதியைப் பிடுங்கிக்கொண்டது. எனக்கு அப்போது இது ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் பட்டது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

இப்படிப்பட்டவர் எதற்கு இந்த வேலைக்கு வருகிறார் என்று கேட்டேன். "வீட்டுக்குப் பக்கம் சார்" என்றார். நம்பிவிட்டேன்.

பயிற்சி நாளில் எல்லாருக்கும் படிவத்தைக் கொடுத்தேன். நானே உட்கார்ந்து தயாரித்த படிவம், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஐந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரிசை. ஆண், பெண், குழந்தை என்று தனித்தனிக் கட்டம். ஒருவர் கடந்தால் ஒரு கோடு. நாலு கோட்டுக்கு மேல் குறுக்கே ஒன்று போட்டால் ஐந்து. எட்டுப் பேர் தலையாட்டினார்கள். காஞ்சனா அக்கா மட்டும் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், திரும்பிப் போறவங்களுக்குக் கட்டம் எங்க?"

"யாரு திரும்பிப் போறவங்க?"

"ஓரத்துல வந்து நிப்பாங்க இல்ல, பாப்பாங்க, முடியாதுன்னு திரும்பிடுவாங்க. அவங்கள எதுல போடறது?"

"அக்கா, கடக்கறவங்கள எண்றதுதான் நம்ம வேலை. கடக்காதவங்கள எண்ணணும்னா ஹைதராபாத் முழுக்க எண்ணணும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அவருக்கு ஒதுக்கியது அவர் வீட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம், செகந்திராபாத் பஸ் நிற்கிற 'வேப்பச்செட்டு' ஸ்டாப். செட்டு என்றால் தெலுங்கில் மரம். அப்போது அந்த வேப்பமரம் இருந்தது. அந்த நிழலை நம்பித்தான் பஸ்ஸுக்கு அத்தனை பேர் நின்றார்கள். டிவைடரிலும் மரத்துக்கு நேராக ஐந்தடிக்கு ஒரு இடைவெளி விட்டிருந்தார்கள். தினமும் காலை ஆறே முக்காலுக்கு நான் பைக்கில் அவரை ஏற்றி, ஜங்ஷன் வரை போய்த் திரும்பி, மரத்தடியில் இறக்கிவிடுவேன். பின்சீட்டில் கண்ணை இறுக மூடிக்கொண்டு வருவார்.

மூன்றாம் நாள் சரிபார்ப்பதற்காக நானும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எண்ணினேன். எல்லா வரிசையும் ஒத்துப்போனது. ஏழு பத்துக்கு ஆரம்பிக்கிற வரிசையில் மட்டும் என்னிடம் பதினொன்று, அவரிடம் நாலு. மறுநாளும் அதே வரிசையில் அதே ஓட்டை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏன்க்கா, ஏழு பத்துக்கு மட்டும் தூங்கிடறீங்களா?"

"நாளைக்கு என் பக்கத்துலயே உட்காருங்க சார்" என்றார்.

மறுநாள் ஏழு பத்துக்கு எதிர்ச் சந்திலிருந்து நீலச் சட்டை போட்ட ஒருவர் தோளில் டிபன் பையோடு வந்தார். ஐம்பது தாண்டிய ஆள், மூட்டு வலியால் கொஞ்சம் சாய்ந்த நடை. அவர் ரோட்டில் காலை வைத்ததும் அக்காவின் பேனா காற்றில் நின்றது. உதடு மட்டும் அசைந்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு. சுற்றி எட்டுப் பேர் கடந்தார்கள். அக்கா அவர்களைப் பார்க்கவே இல்லை. நீலச் சட்டை டிவைடர் இடைவெளிக்கு வந்து நின்றது. அப்புறம்தான் அக்கா என் சட்டைக் கையைப் பிடித்தார். இரும்புப் பிடி. பதினைந்து, பதினாறு. கால் சென்டர் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு குவாலிஸ் பறந்து வந்தது, ஹாரன் அலறியது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு முழம் இடைவெளியில் வண்டி போனது. பத்தொன்பது. அவர் மரத்தடிக்கு வந்துவிட்டார். அக்கா மூச்சை விட்டு, படிவத்தில் ஒரே ஒரு கோடு போட்டார்.

"இவர்தான் எங்க வீட்டுக்காரர் சார்."

ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருடம் சுத்தியல் சத்தத்தில் நின்று நந்தகுமாருக்கு இடது காது சுத்தமாகப் போய்விட்டிருந்தது. ரோட்டின் முதல் பாதியில் வண்டி வலது பக்கத்திலிருந்து வரும். அதை வலது காது பார்த்துக்கொள்ளும். டிவைடரைத் தாண்டினால் வண்டி இடது பக்கத்திலிருந்து வரும். அந்தப் பாதிக்கு அவரிடம் காது இல்லை.

மனிதருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. "இவளுக்குத்தான் சார் பயம். என்னைத் தூக்க எமன் வந்தாலும் இடது பக்கமாத்தான் வரணும். அவன் வர்ற சத்தம் எனக்கெங்க கேக்கப்போகுது? பயமில்லாம போயிடலாம்" என்று சிரித்துக்கொண்டே பஸ் ஏறிவிட்டார்.

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. "இதுக்குத்தான் சார் இந்த வேலைக்கு வந்தேன். வீட்டுல இருந்தா ஏழு பத்துலேர்ந்து அவர் பஸ் ஏறிட்டாரா இல்லையான்னு எனக்கு உயிரே இருக்காது. ஒவ்வொரு பிரேக் சத்தத்துக்கும் வாசலுக்கு ஓடுவேன். இங்க உட்காந்தா கண்ணால பாத்துடலாம் இல்ல?"

அந்த ரோட்டை நான் அதுவரை அகலத்தாலும் வண்டி எண்ணிக்கையாலும்தான் தெரிந்துவைத்திருந்தேன். அன்றிலிருந்து ஏழு பத்துக்கு நான் அவர் படிவத்தை வாங்கிக்கொண்டேன். பத்தொன்பது செகண்டு நான் ஊரை எண்ணினேன், அவர் புருஷனை எண்ணினார்.

வாரக் கடைசியில் தாள்களை அடுக்கும்போதுதான் பின்பக்கங்களைப் பார்த்தேன். பேனாவால் வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன வட்டங்கள். சிலவற்றின் பக்கத்தில் 'கு', சிலவற்றின் பக்கத்தில் 'த'.

"என்னக்கா இது?"

"முட்டை சார். ஸ்கூல்ல பெயிலானா போடுவாங்க இல்ல, அந்த முட்டை. திரும்பிப் போனவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு. கு போட்டா கையில குழந்தை. த போட்டா தடி வெச்சு நடக்கறவங்க."

ஒரு காலையில் முன்பக்கம் தொண்ணூற்று ஆறு கோடு. பின்பக்கம் நூற்று நாற்பத்து மூன்று முட்டை. நான் என்ன செய்தேன்? "நல்லாருக்குக்கா" என்று சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் சேர்த்துப் பின் அடித்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். கம்ப்யூட்டர் முன்பக்கத்தை மட்டும்தான் கேட்டது.

அறிக்கையில் அந்த வரியை எழுதியவன் நான்தான், வேறு யார் தலையிலும் போட முடியாது. 'வேப்பச்செட்டு ஸ்டாப்பில் சாலையைக் கடப்போர் எண்ணிக்கை குறைவு. டிவைடர் இடைவெளியை மூடலாம். அறுநூறு மீட்டர் தொலைவில் மார்க்கெட் அருகே நடைமேம்பாலம் அமைக்கலாம்.' அந்தக் காலத்தில் ஊர் முழுக்க எல்லா அறிக்கையும் இப்படித்தான் இருந்தது. ஐடி கம்பெனிகள் வந்துவிட்டன, வண்டிகள் வேகமாகப் போக வேண்டும். நடக்கிறவன் ஏறி இறங்கி எப்படியோ போய்க்கொள்வான் என்று நாங்கள் எல்லாருமே நினைத்தோம்.

அடுத்த வருடக் கடைசியில் வேலை நடந்தது. இடைப்பட்ட மாதங்களில் காஞ்சனா அக்காவை வேறு வேறு ஜங்ஷன்களுக்கு அனுப்பியிருந்தோம், விடியற்காலையிலேயே கம்பெனி வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும். ஒரு நாள் மதியம் போன் பண்ணினார்.

"சார், மூடிட்டாங்க சார்."

குரல் அவருடைய குரலாகவே இல்லை. இடைவெளியை மூன்றடி உயரத்துக்குச் சிமெண்ட் போட்டு அடைத்துவிட்டார்கள். வேப்பமரத்தை வெட்டிவிட்டார்கள். நந்தகுமார் இரண்டு நாளாக டிவைடர் மேல் ஏறிக் குதித்துப் போகிறாராம். பேன்ட் முழங்காலில் கிழிந்திருப்பதைப் பார்த்துத்தான் அக்காவுக்கே தெரிந்திருக்கிறது.

"காது கேக்காத மனுஷன் ஏறி நின்னு குதிக்கிறார் சார். எந்தப் பக்கம்னு பாத்துக் குதிப்பார்? தாரிணி தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டேன், பிரிட்ஜ் மேல ஏறித்தான் போகணும்னு. சரின்னு சொல்லியிருக்கார். நீங்க ஒரு தடவை அந்த வழி எப்படி இருக்குன்னு பாத்துட்டுச் சொல்லுங்க சார். எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது."

மறுநாள் காலை பைக்கை அவர்கள் சந்திலேயே நிறுத்திவிட்டு நடந்தேன். நான் படம் போட்ட ரோட்டில் நான் நடந்தது அதுதான் முதல் தடவை. நடைபாதை என்று தாளில் நான் கோடு போட்டிருந்த இடத்தில் சாக்கடை மூடி உடைந்து கிடந்தது. அப்புறம் டிரான்ஸ்ஃபார்மர், அப்புறம் நிறுத்திவைத்த பைக்குகள், அப்புறம் நடைபாதையே இல்லை. பதினோரு தடவை ரோட்டில் இறங்கி நடக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் முதுகுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று தெரியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். "தப்புக்கோ!" என்று ஒருவன் காதருகே கத்தினபோது ஓரத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். இரண்டு காதும் கேட்கிற எனக்கே இப்படி என்றால் நந்தகுமாருக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். நடைமேம்பாலத்தில் நாற்பத்தாறு படி. இரண்டு பக்கமும் விளம்பரத் தட்டி அடித்து மறைத்திருந்ததால் பட்டப்பகலிலும் உள்ளே இருட்டு. வெளியே இருப்பவர்களுக்கு உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. பாதி வழியில் ஒரு நாயைப் பார்த்தேன். வேறு ஆளே இல்லை. எந்தப் பெண் இதில் ஏறுவாள் என்று கேட்டுக்கொண்டேன், அதுவும் காலதாமதமாகத்தான் கேட்டேன்.

ஆபீசுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்து தாள்களைத் திருப்பினேன். முட்டைகள் அப்படியே இருந்தன.

எங்கள் மேலாளர் சீனிவாசன், மன்னார்குடிக்காரர். நல்ல மனிதர், முன்கோபி, காரில் வந்து காரில் போகிறவர். தாள்களை மேஜையில் பரப்பினேன்.

"என்னய்யா இது, கோலமா?"

"ஓரம் வரைக்கும் வந்து கடக்க முடியாம திரும்பினவங்க சார்."

"கடக்கலன்னா தேவை இல்லைன்னு அர்த்தம்யா. கடைக்குள்ள வராதவனயா கணக்கெடுக்கறோம்? யார் இதெல்லாம் போட்டது? வரச் சொல்லு, நானே கேக்கறேன்."

அக்காவை வரச் சொன்னேன். கம்பெனி வண்டி அன்று இல்லை. பஸ் பிடித்து வந்து பதினொன்றரைக்குப் போன் பண்ணினார். "சார், எதிர்ப்பக்கம் இறங்கிட்டேன்."

"வாங்கக்கா, மூணாவது மாடி."

"வர்றேன் சார்."

நான் வேறு வேலையில் ஆழ்ந்துவிட்டேன். எங்கள் ஆபீஸ் வாசலில் ஆறு லேன் ரோடு என்பதும், போன் பண்ணினது யார் என்பதும் என் மரமண்டையில் உறைக்கவே இல்லை. அரை மணி கழித்து சீனிவாசன் சார் ஜன்னலோரத்திலிருந்து கூப்பிட்டார்.

"யூசுப், அந்தப் பச்சைப் புடவை யாருய்யா? அப்போலேர்ந்து அங்கயே நிக்குது. மூணு தடவை ரோட்டுல இறங்கிட்டு ஏறிடுச்சு. எனக்குப் பாக்கவே பயமா இருக்கு."

எட்டிப் பார்த்தேன்.

"அவங்கதான் சார் இந்த முட்டையெல்லாம் போட்டவங்க. உங்களப் பாக்கத்தான் வந்திருக்காங்க."

கீழே அக்கா நான்காம் தடவை காலை இறக்கினார், எடுத்தார். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் திரும்பினார்.

"போய்யா! போய்க் கூட்டிட்டு வா, ஓடு!" என்று சீனிவாசன் சார் கத்தினார்.

ஓடினேன். அந்த ஆறு லேனைத் தாண்ட எனக்கே ஏழு நிமிடம் பிடித்தது. அக்கா என்னைப் பார்த்ததும் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். மாடிக்கு வந்தபோது சீனிவாசன் சார் நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, "மறுபடியும் எண்ணுங்க. இந்தத் தடவை முன்பக்கத்துலயே கட்டம் போட்டு எண்ணுங்க" என்றார்.

2008 பிப்ரவரியில் மறுபடி வேப்பச்செட்டு ஸ்டாப்புக்குப் போனோம். செட்டு இல்லை, வெட்டின அடிமரம்தான் இருந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. அக்கா அடிமரத்தின் மேல் உட்கார்ந்தார், நான் பக்கத்தில். புதுப் படிவத்தில் கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'திரும்பியவர்'. அதைப் பார்த்து அவருக்குச் சின்னதாக ஒரு சந்தோஷம். ஏழு மணிக்குள் ஏழு முட்டை விழுந்துவிட்டது.

"இன்னைக்கு ஏழு பத்துக்கு நிம்மதியா எண்ணலாம்க்கா. உங்க வீட்டுக்காரர் பிரிட்ஜ் பக்கமாதானே போவார்?" என்றேன்.

"ஹவ் சார், ஆமா. ரெண்டு மாசமா அப்படித்தான் போறார். நான் விடியக்காலம் கிளம்பிடறேன், பாக்க முடியல. சத்தியம் பண்ணியிருக்கார். நான் இன்னைக்கு இங்க இருக்கறது அவருக்குத் தெரியாது" என்றார். ஆனாலும் கண் எதிர்ச் சந்திலேயே இருந்தது.

ஏழு பத்துக்கு அந்தச் சந்திலிருந்து நீலச் சட்டை வந்தது.

நடைமேம்பாலம் பக்கம் திரும்பவில்லை. நேராக ரோட்டோரத்துக்கு வந்து நின்றது. பேனா அக்காவின் கையிலிருந்து விழுந்தது. "நக்கோ... வேண்டாங்க..." என்று முணுமுணுத்தார். நந்தகுமார் வலது காலை ரோட்டில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார், எடுத்தார். மூன்றாம் தடவை காலை வைக்கவே இல்லை. தெரிந்தவர்கள் யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு திரும்பி நடந்தார். வீட்டுப் பக்கம் இல்லை. காலனித் தண்ணீர் டேங்க் இருக்கிற சந்துக்குள் போனார்.

"எங்க சார் போறார்? அங்க டேங்க்தானே இருக்கு? டூட்டிக்கு நேரமாகுதே..."

சொல்லிக்கொண்டே வந்தவருக்குப் பாதியில் புரிந்துவிட்டது. எழுந்து ரோட்டோரத்துக்கு ஓடினார். "ஏங்க! ஏங்க!" என்று கத்தினார். ஒரு காதும் ரோட்டு இரைச்சலும் இருக்கும்போது அது எங்கே கேட்கும்? கையை நீட்டிக்கொண்டு ரோட்டில் ஒரு அடி வைத்தார். "தப்புக்கோ!" என்று ஒரு பைக் உரசிக்கொண்டு போனது. இன்னொரு அடி வைத்தார். லாரி. நான் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் அவரே பின்னால் வந்துவிட்டார்.

அடிமரத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் முகத்தைத் தலைப்பால் மூடிக்கொண்டார். அப்புறம் கீழே கிடந்த பேனாவை எடுத்து, ஏழு பத்து வரிசையில், கடைசிக் கட்டத்தில் ஒரு முட்டை போட்டார். அதன் பக்கத்திலேயே இன்னொன்றும் போட்டார்.

"ரெண்டாவது யாருக்குக்கா?"

"எனக்கு சார்."

அன்று சாயங்காலம் போனில் மீதியைச் சொன்னார். பாலத்தில் நந்தகுமார் ஏறியது இரண்டே நாள்தான். முழங்கால் ஒத்துவரவில்லை, அந்த ஓரத்தில் நடக்கவும் முடியவில்லை. ஒரு நாள் டிவைடரிலிருந்து இறங்கும்போது இடது பக்கம் ஒரு பஸ் அவர் பையைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறது. அதற்குப் பிறகு சில நாள் தாண்டினார், சில நாள் முடியவில்லை. முடியாத நாளெல்லாம் லீவு. இதுவரை பன்னிரண்டு நாள். வீட்டில் சொல்லாமல் டேங்க் நிழலில் உட்கார்ந்து, டிபனைத் தின்றுவிட்டு, சரியாக அஞ்சு இருபதுக்கு டூட்டி முடிந்த மாதிரி வீட்டுக்கு வந்திருக்கிறார்.

"பத்து வருஷமா உனக்குத்தான் பயம், உனக்குத்தான் பயம்னு கிண்டல் பண்ண மனுஷன் சார். எனக்கும் பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்ல வெக்கமாம். இன்னைக்கு ரெண்டு பேரும் உட்காந்து அழுதோம்."

இரண்டு நாள் கணக்கில் கோடு எழுபத்து நான்கு. முட்டை ஐந்நூற்றுப் பதினொன்று. அறிக்கையை நான் எழுதினேன், சீனிவாசன் சார் ஒரு வரிகூட வெட்டாமல் கையெழுத்துப் போட்டார். மேலே பேசி முடித்து, இடைவெளி மறுபடி திறக்கப் பதினைந்து மாதம் ஆனது. அதுவரை நந்தகுமார் விடியற்காலையில் அக்காவோடு எங்கள் கம்பெனி வண்டியில் வந்து எதிர்ப்பக்கம் இறங்கி, ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே பஸ் ஏறிக்கொண்டிருந்தார். அதற்கு எந்த விதியும் இடம் கொடுக்கவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

திறந்த அன்று நானும் போயிருந்தேன். கடக்கிற பாதையை நடைபாதை உயரத்துக்கே மேடாக்கியிருந்தோம். ஏறி இறங்க வேண்டியது வண்டிதான், மனிதர் இல்லை. நடுவில் நிற்க ஒரு அடிக்குப் பதிலாக ஆறடி. பட்டனை அமுக்கினால் இரண்டு பக்கமும் சிவப்பு விழும், இருபத்தைந்து செகண்டு. பத்தொன்பது போதும் என்றார்கள், அது தடி இல்லாதவர்களுக்கு என்று சொல்லி ஆறு செகண்டு கூட வாங்கினேன்.

ஏழு பத்துக்கு நீலச் சட்டை வந்தது. அக்கா அடிமரத்தின் பக்கத்தில் நின்றார். சிவப்பு விழுந்தது. என் சட்டைக் கையில் அதே இரும்புப் பிடி, உதட்டில் அதே எண்ணிக்கை. நந்தகுமார் இடது பக்கம் திரும்பிப் பார்த்து, நின்றிருந்த வண்டிகளை நம்பாமல் இன்னொரு தடவையும் பார்த்து, மெதுவாக வந்து சேர்ந்தார். இருபத்தொன்று. அக்கா கையை எடுத்தார். சட்டை கசங்கியிருந்தது.

"இப்பவாவது பயம் போச்சாக்கா?" என்று கேட்டேன்.

"எங்க சார் போகும்? அது அப்படியேதான் இருக்கு" என்றார். "ஆனா இப்ப இருபத்தஞ்சு செகண்டுல முடிஞ்சுடுது."